சூரிச் நகரில் ஒரு சித்திரை வெள்ளி

கொங்கு நாட்டில் கோபிசெட்டிபாளையம் என்றதும் கண்முன் விரிவது பசுமை. கொடிவேரி அணையில் பவானி ஆற்றிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் நெல்வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் மஞ்சள் காடுகளையும் நனைத்துச் செல்கின்றன. ஊருக்கு அருகே பச்சைமலை, பவளமலை என இரு குன்றுகள். இரண்டிலும் முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கிறார். பக்கத்தில் பாரியூரில் கொண்டத்துக் காளியம்மன். சத்தியமங்கலம் கடந்து மலையடிவாரம் சென்றால் பண்ணாரி அம்மன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தெய்வம் காவல் நிற்கும் ஊர் இது.

இவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பல வீடுகளில் இன்று பெரியவர்கள் இருவர் மட்டுமே இருக்கின்றனர். பிள்ளைகள் படித்து, வேலை தேடி, கடல் கடந்து போய்விட்டார்கள். வாசலில் கோலம் இருக்கிறது. பூசையறையில் விளக்கு எரிகிறது. ஆனால் அந்த விளக்கின் முன் நின்று திருநீறு வாங்கிக்கொள்ள வேண்டிய சின்ன நெற்றி ஏதோ ஒரு தொலைதூர நகரத்தில் இருக்கிறது. பெரியவர்களின் மனத்தில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. அங்கே அவர்கள் சாமி கும்பிடுகிறார்களா? நமக்குப் பின் இந்த வழிபாடு என்னவாகும்?

அப்படியொரு வீட்டின் மகன் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் மென்பொருள் பணியில் இருக்கிறார். உடன் மனைவியும் நான்கு வயது மகளும். பெயர்கள் இங்கே தேவையில்லை. பெயரை மாற்றி வைத்தால் இது இன்னும் பல வீடுகளுக்குப் பொருந்தும்.

மஞ்சள் துணி முடிச்சு

சூரிச் வீட்டின் பூசை அலமாரியில் முருகன் படத்தின் கீழே சிறிய மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு ரூபாய்க் காசு. குழந்தை பிறந்த செய்தி வந்த அன்றே கோபியில் அப்பத்தா அதை முடிந்தார். குலதெய்வக் கோயிலில் முதல் முடி இறக்கி, தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவதாக வேண்டுதல். காசு முடிந்த நாள் முதல் அது சாமியின் கணக்கு. மூன்று மாதம் மகன் வீட்டில் தங்க வந்தபோது அப்பத்தாவே அதைக் கையோடு கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். “உங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் முதல் வயதில் போக முடியவில்லை. மூன்றாம் வயதிலும் முடியவில்லை. வேலை, விடுப்பு, குழந்தையின் உடல்நிலை என ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். இப்போது பள்ளி வந்துவிட்டது. சூரிச் நகரப் பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி கடந்து முடிகிறது. நம் பஞ்சாங்கத்தில் ஏறக்குறைய அது முழுவதும் ஆடி மாதம். ஆடியில் காது குத்து வைக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆவணி பிறந்ததும் நல்ல நாள் கிடைக்கும். ஆனால் அங்கே பள்ளி திறந்துவிடும். பள்ளி நாளில் காரணமின்றிக் குழந்தையை அழைத்துச் செல்லப் பெற்றோருக்கு அனுமதி இல்லை. மீறினால் அபராதம் உண்டு.

கோபியில் சோதிடர் ஆவணியில் ஒரு முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருந்தார். மகன் வர இயலாது என்றார். அப்பத்தா பதில் பேசவில்லை. அந்த மௌனம் ஒரு வாரமாக நீடித்தது. அந்த வாரத்தின் கடைசியில் வந்த வெள்ளிக்கிழமைதான் இங்கே சொல்லப்படுவது.

விடியல்

ஐரோப்பாவில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். குளிர்காலத்தில் நமக்கும் சூரிச்சுக்கும் நான்கரை மணி நேர இடைவெளி. அதன் பிறகு மூன்றரை மணி நேரம். அப்பத்தாவுக்கு அந்நாட்டின் வசந்தம் இப்படித்தான் தெரியும். மகனின் தொலைபேசி ஒரு மணி நேரம் முந்தி வரத் தொடங்கினால் அங்கே பூப்பூக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சித்திரை மாதத்தில் கோபியில் காலை ஒன்பதரைக்கே வெயில் முதுகில் அறைகிறது. அதே வேளையில் சூரிச்சில் மணி ஆறு. கிழக்கே இப்போதுதான் வெளுக்கிறது. சன்னலைத் திறந்தால் குளிர் மூக்கில் ஏறும். மாதக்கணக்கில் கரிய குச்சிகளாய் நின்ற மரங்களில் இளந்தளிர் விட்டிருக்கிறது. தெருவோரச் செர்ரி மரங்களில் இலையைக் காணவில்லை. கிளை முழுதும் வெளிர்சிவப்புப் பூ. ஏரிக்கு அப்பால் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் இன்னும் பனி வெள்ளையாகக் கிடக்கிறது.

மருமகள் குளித்துவிட்டு விளக்கேற்றுகிறார். வாசலில் கோலம் போட முடியாது. அடுக்குமாடி வீடு, பொதுவான படிக்கட்டு. ஆகவே அலமாரியின் முன் சிறிய பலகையில் அரிசிமாவால் நான்கு புள்ளிக் கோலம். ஈரோட்டு மஞ்சள் தூள் ஒரு டப்பாவில். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மஞ்சள் ஊரிலிருந்து வந்தது. பண்ணாரியில் திருநீறுக்கு மாறாகத் தரப்படும் புற்றுமண் ஒரு சின்னப் பொட்டலத்தில். பத்தியைப் பார்த்துத்தான் கொளுத்த வேண்டும். புகை மிகுந்தால் கூரையிலுள்ள கருவி அலறிவிடும். கைப்பேசியில் கந்த சஷ்டி கவசம் மெதுவாக ஒலிக்கிறது. சென்னிமலையில் அரங்கேறியது என்று கொங்கு மக்கள் போற்றும் அந்தக் கவசம் ஆல்ப்ஸ் மலைக் காற்றில் கலக்கிறது. பக்கத்து வீட்டார் உறங்குவதால் ஒலி அறையை விட்டு வெளியே போகாது. சாமிக்குக் கேட்டால் போதும்.

குழந்தை நடந்து செல்லும் பாதை

எட்டு மணிக்குக் குழந்தை மழலையர் பள்ளிக்குப் புறப்படுகிறாள். கழுத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் முக்கோணப் பட்டை ஒன்று. வண்டி ஓட்டுவோர் சிறுவர்களைத் தொலைவிலேயே கண்டுகொள்வதற்காக அந்நாட்டுச் சின்னஞ்சிறுசுகள் எல்லாரும் அணிவது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே பள்ளிக்கு நடந்து செல்ல வேண்டும் என்பது அங்குள்ளோர் பழக்கம். முதல் சில மாதங்கள் பெற்றோர் உடன் செல்வர்; பிறகு தெருமுனை வரை; பிறகு வாசல் வரை.

இதை முதன்முதலில் கேட்டபோது அப்பத்தா திடுக்கிட்டார். “பச்சைப் புள்ளையத் தனியா ரோட்டுல உடுவாங்களா?” என்றார். ஆனால் தாம் தங்கியிருந்த மூன்று மாதத்தில் அவரே கண்டார். குழந்தை சாலையோரம் நின்று கையை நீட்டினால் வரும் வண்டி முழுவதுமாக நின்றுவிடுகிறது. சக்கரம் ஓய்ந்த பிறகே குழந்தை காலெடுத்து வைக்கிறாள். பள்ளி வாசலில் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்துப் பெயர் சொல்லி வரவேற்கிறார். இதைப் பார்த்த பின் அப்பத்தாவின் அச்சம் குறைந்தது. புறப்படும் முன் நெற்றியில் புற்றுமண் இட்டு அனுப்புவதை மட்டும் அவர் பழக்கிவிட்டு வந்தார். இன்றும் அது நடக்கிறது. “இது என்ன?” என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோது, “எங்கள் அப்பத்தாவின் சாமி” என்று குழந்தை செருமானிய மொழியில் விடை சொன்னதாக ஆசிரியை தாயிடம் தெரிவித்தார்.

தந்தை டிராம் வண்டியில் அலுவலகம் செல்கிறார். நிறுத்தத்தில் எழுதியிருக்கும் நிமிடத்தில் வண்டி வந்து நிற்கும். அலுவலகத்தில் பல நாட்டவர், பல மொழியினர். வேலை கடினம்; ஊதியம் நன்று; வாடகையும் மருத்துவக் காப்பீடும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். வழியில் தெருமுனைதோறும் கல்லால் ஆன நீரூற்றுத் தொட்டிகள். சூரிச் நகரில் இவை 1,200-க்கு மேல் உள்ளன. நீரை அப்படியே குடிக்கலாம். இரவு பகலாக ஓடும் அந்த நீரைக் கண்டபோது அப்பத்தா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கையேந்திக் குடித்தார். கோபியில் சித்திரை பிறந்தால் கடைவீதியில் தண்ணீர்ப் பந்தலும் மோர்ப் பந்தலும் வைப்பார்கள். தாகத்துக்கு நீர் தருவது எந்த ஊரிலும் புண்ணியம்தான் என்றார் அவர்.

நண்பகல்

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் உண்பதற்கு வீடு திரும்புவது அங்கே நெடுநாள் வழக்கம். குக்கரில் அரிசிம்பருப்பு சோறு; மேலே ஒரு கரண்டி நெய். வெள்ளிக்கிழமை ஆதலால் முட்டையும் இல்லை. உண்ட பின் நண்பகல் ஓய்வு நேரம். அவ்வேளையில் அந்த அடுக்குமாடியில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இசைக்கருவி மீட்டக் கூடாது. ஞாயிறு முழுவதும் அப்படியே. துணி துவைக்கும் எந்திரம் நிலவறையில் எல்லாருக்கும் பொது. முறை போட்டுத்தான் துவைக்க வேண்டும். முறை தவறினால் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கும். கடுஞ்சொல் இராது, ஆனால் படிப்பவர் முகம் சிவந்துவிடும்.

படிக்கட்டில் எதிர்ப்படும் எவரும் வணக்கம் சொல்லாமல் கடப்பதில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து அமர்ந்து நலம் விசாரிப்பவர் அரிது. இதுதான் அந்நாட்டு வாழ்வின் கடினமான பகுதி. கோபியில் ஒரு தும்மல் தும்மினால் மூன்று வீட்டிலிருந்து கஷாயம் வரும். இங்கே காய்ச்சலில் படுத்தால் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மருமகள் சன்னலோரம் நின்று கோபியின் நேரத்தைக் கணக்கிடுகிறார். அங்கே மாலை நான்கரை. அத்தை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் நேரம். ஒரு வாரமாக அத்தை தாமாக அழைக்கவில்லை. அலமாரியில் மஞ்சள் முடிச்சு இருக்கிறது.

குளிரை எரிக்கும் ஊர்

மாலை மழலையர் பள்ளி முடிந்ததும் தாயும் மகளும் ஏரிக்கரைக்குச் செல்கின்றனர். ஓப்பெரா மாளிகைக்கு முன்னால் உள்ள பெரிய திடல் இப்போது வெறுமையாக இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அங்கே செக்செலாய்டன் என்னும் திருவிழா நடைபெறும். பழைய தொழிற்சங்கக் குழுவினர் பண்டைய உடையில் ஊர்வலமாக வருவர். மாலை ஆறு மணி அடித்ததும் விறகுக் குவியலின் உச்சியில் நிறுத்திய பனிமனிதப் பொம்மைக்குத் தீ மூட்டுவர். குளிர்காலத்தை எரித்து அனுப்புவதாக ஐதிகம். பொம்மையின் தலை விரைவில் வெடித்தால் வரும் கோடை நன்றாயிருக்கும் என்பர். ‘ஆறு மணி ஒலித்தல்’ என்பதே விழாவின் பெயர். வசந்தம் வந்ததும் பெருங்கோயில் மணி மாலை ஆறுக்கு ஒலித்து, வேலை முடிந்தது என்று அறிவித்த காலத்தின் நினைவு அது.

அந்தப் பொம்மையின் பெயர் ‘போக்’. பழையதை எரிக்கும் நாளுக்கு நம் ஊரில் போகி என்று பெயர். இந்த ஒலியொற்றுமையைக் கேட்டு அப்பாரு வெகுநேரம் சிரித்தார். ஆயினும் வேறுபாடும் உண்டு. அங்குள்ளோர் தீயைச் சுற்றி நின்று பார்க்கின்றனர். பாரியூரில் மார்கழியிலும் பண்ணாரியில் பங்குனியிலும் நம்மவர் நோன்பிருந்து தீயில் இறங்குகின்றனர். பண்ணாரியில் பக்தர்கள் இறங்கி முடித்த பின் கால்நடைகளும் குண்டத்தைக் கடக்கின்றன. குளிர் நாட்டுக்குத் தீ வசந்தத்தின் வரவேற்பு. நமக்குத் தீ அம்மனின் மடி.

கோபுரம் இல்லாத கோயில்

ஐந்தரை மணிக்குத் தந்தையும் வந்து சேர, மூவரும் ரயிலேறுகின்றனர். நகருக்குத் தெற்கே சீல் ஆற்றின் கரையை ஒட்டிச் செல்லும் சிறு ரயில் அது. சீல் ஆறு மலையிலிருந்து இறங்கி, சூரிச் நகரில் லிம்மட் ஆற்றோடு கலக்கிறது. பவானி காவிரியோடு கலக்கும் கூடுதுறையை அறிந்தவர்களுக்கு அந்தச் சங்கமத்தைக் கண்டதும் கை தானாகக் குவியும். இந்தப் பருவத்தில் ஆற்றோரக் காட்டுத் தரையெங்கும் ஒருவகைப் பச்சை இலை படர்ந்து, காடு முழுதும் பூண்டு மணம் வீசும். மக்கள் அதைப் பறித்துச் சென்று சமைக்கின்றனர்.

சில நிறுத்தங்கள் கடந்தால் அட்லிஸ்வில். ஒரு காலத்தில் பட்டு நெசவு ஆலையால் பெயர் பெற்ற ஊர். பட்டுப்புழு வளர்த்துக் கூடு விற்கும் கோபிப் பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு இச்செய்தி வியப்பையும் நெருக்கத்தையும் தருகிறது. ஊரின் மேலே ஃபெல்செனெக் மலைமுகடு. அதற்கு 1954 முதல் ரோப் கார் ஓடுகிறது. அடிவாரத்தில் சிவசுப்பிரமணியர் கோயில். மலை, ரோப் கார், முருகன் மூன்றையும் ஒருசேரக் கண்ட அப்பத்தா பழனியை நினைத்துக்கொண்டார். ஆனால் கோயிலை நெருங்கியதும் அவர் நின்றுவிட்டார். “கோபுரம் எங்கே கண்ணு?” என்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் தொழிற்கூடம் போன்ற கட்டடம்தான். உள்ளே காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் கற்பூர மணமும் மணியோசையும் எதிர்கொள்ளும். வேலேந்திய பெருமான் விளக்கொளியில் நிற்கிறார். குருக்கள் ஆராதனை காட்டுகிறார். தட்டில் வாழைப்பழம், பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல். குளிர்ச் சட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டபடி மக்கள் வரிசையில் நிற்கின்றனர். கோடையில் இங்கே தேர்த் திருவிழாவும் உண்டு.

இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் யார் என்பதைக் கோபியிலுள்ள பெரியோர் அறிந்துகொள்வது நல்லது. மென்பொருள் வேலைக்காக வந்தவர்கள் அல்லர். 1983-இல் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஈழத் தமிழர்கள். பெரும்பாலோர் அப்போது இளைஞர். மொழி தெரியாது, பனியைப் பார்த்ததில்லை. உணவு விடுதிகளின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவினர். மருத்துவமனைகளில் தரை துடைத்தனர். அந்தக் கூலியில் ஒரு பகுதியைச் சேர்த்து, நிலவறையிலும் தொழிற்கூடத்திலும் சாமியை வைத்தனர். அட்லிஸ்வில் கோயில் 1994-இல் தோன்றியது. பெர்ன் நகரில் 2014-இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த விகாரை ஆகியவற்றோடு ஒரே கூரையின் கீழ்ச் சிவன் கோயிலும் உள்ளது. அங்கே தமிழில் வழிபாடு நடக்கிறது. லுசேர்ன் நகரில் ராய்ஸ் ஆற்றில் இந்துக்கள் அஸ்தி கரைப்பதற்கு 2012-இல் நகராட்சி இடம் ஒதுக்கியது. பிறப்பு முதல் இறப்பு வரை செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்றவர்கள் அவர்கள். வீடிழந்து வந்தவர்கள் கட்டிய கோயிலில்தான் இன்று விசா வாங்கி வந்தவர்கள் கும்பிடுகிறார்கள்.

வேண்டுதலின் கணக்கு

அன்று ஆராதனை முடிந்து அமர்ந்திருந்தபோது யாழ்ப்பாணத்துப் பெரியம்மா ஒருவர் குழந்தையின் நீண்ட கூந்தலைத் தடவியபடி, “ஏன் பிள்ளை, இன்னும் மொட்டை போடேல்லையோ?” என்று கேட்டார். மருமகள் மஞ்சள் முடிச்சின் கதையைச் சொன்னார். ஆடி, ஆவணி, பள்ளி, அத்தையின் மௌனம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் கதையைச் சொன்னார்.

அவரும் தம் மகனுக்காக ஊர்க் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். போர் மூண்டது. ஊரைவிட்டு வந்தார். 2009-இல் போர் முடியும்வரை அங்கே போக முடியவில்லை. போனபோது கோயில் சுவர் இடிந்து கிடந்தது. மூலத்தானத்தில் வேல் மட்டும் இருந்தது. மகன் அப்போது வளர்ந்த ஆண்மகன். பக்கத்தில் அவன் மனைவி. அவன் அங்கேயே தலை மழித்துக்கொண்டான்.

“இருபது வருசத்துக்கு மேலை பிந்திப் போச்சுது. சாமி கணக்குப் பாக்கேல்லை பிள்ளை. திரும்பிப் போக ஊர் இல்லாத காலத்திலை இந்த முருகனைத்தான் நாங்கள் ஊரெண்டு நினைச்சனாங்கள்” என்றார் அவர்.

மருமகள் வெளியே வந்து ஆற்றோரம் நின்று கோபிக்கு அழைத்தார். அங்கே இரவு பதினொன்றை நெருங்கியிருந்தது. அவ்வளவு நேரம் விழித்திருக்கும் வழக்கம் அத்தைக்கு இல்லை. ஆயினும் முதல் மணியிலேயே எடுத்தார். “என்ன கண்ணு, புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?” என்பதுதான் அவருடைய முதல் சொல். ஒரு வாரத்து மௌனம் அந்த ஒரு கேள்வியில் கரைந்தது.

யாழ்ப்பாணத்து அம்மையார் சொன்னதை மருமகள் அப்படியே சொன்னார். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு அப்பத்தா கேட்டார்: “அந்தம்மாவுக்கு நம்மூர்ல எத்தனை வயசு இருக்கும்? என்னையாட்டத்தான் இருக்குமா?” இருக்கும் என்றார் மருமகள். “கும்புட்டேன்னு சொல்லு” என்றார் அப்பத்தா.

அதன் பின் அவரே வழியும் சொன்னார். பள்ளிக்கு வசந்த காலத்தில் இரண்டு வாரம் விடுமுறை உண்டு என்று மகன் முன்பே கூறியிருந்தார். அது சித்திரையில்தானே வருகிறது? இந்த ஆண்டு பயணச்சீட்டுக்கு நேரமில்லை. அடுத்த சித்திரையில் வரட்டும். ஆனியில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது ஐந்து, ஒற்றைப்படை, மொட்டைக்கு உகந்தது. ஆண்டுக்கு இரண்டு நாள் பெற்றோர் காரணம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளவும் சூரிச் மாநிலப் பள்ளிகளில் வசதி உண்டு. அதையும் சேர்த்தால் முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஒரு வாரமாக அவர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததாக மகனும் மருமகளும் எண்ணினர். அவரோ நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“நான் இருக்கறப்பவே நடந்துரோணும்னு ஒரு அவசரம் கண்ணு. வேற ஒண்ணுமில்ல” என்று முடித்தார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழைந்தது. பிள்ளைகளைத் தொலைவில் வைத்திருக்கும் எல்லாப் பெரியவர்களின் நெஞ்சிலும் இருப்பது அந்த ஒரு வரிதான். வழிபாடு அறுந்துபோகும் என்ற அச்சத்தின் அடியில், அதைக் கண்ணால் காணாமல் போய்விடுவோமோ என்ற ஏக்கம் இருக்கிறது.

விளக்கு அணையும் நேரம்

ரயிலில் திரும்பும்போது எட்டு மணிக்கும் வெளிச்சம் மறையவில்லை. ஏப்ரல் இறுதியில் அங்கே சூரியன் எட்டேகாலுக்கு மேல்தான் மறைகிறான். குழந்தை தந்தையின் தோளில் உறங்கிவிட்டாள். நெற்றியில் காலையில் இட்ட புற்றுமண்ணின் மேல் மாலையில் இட்ட கோயில் திருநீறு. ஒன்று பண்ணாரியினது, மற்றொன்று அட்லிஸ்வில்லினது. இரண்டும் ஒரே நெற்றியில் கலந்து கிடந்தன.

வீட்டை அடைந்ததும் தாய் அலமாரி விளக்கைப் பூவால் அமர்த்துகிறார். மஞ்சள் முடிச்சைக் கையில் எடுத்து, அவிழ்ந்துவிடாதபடி இன்னொரு முறை இறுக்கிக் கட்டி, இருந்த இடத்திலேயே வைக்கிறார். அடுத்த சித்திரைக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

கோபியில் நள்ளிரவாகிவிட்டது. தடப்பள்ளி வாய்க்காலிலிருந்து பிரியும் வயல்களில் தவளை கத்துகிறது. அப்பத்தா நாட்காட்டியை ஆணியில் மாட்டிவிட்டு, பச்சைமலை இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டுப் படுக்கிறார். கோபுரம் இல்லாத அந்தக் கோயிலின் முருகனையும் அன்று அவர் சேர்த்தே கும்பிட்டார். எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கும்பிட்ட கை எந்தப் பக்கம் குவிந்தாலும் முருகன் அந்தப் பக்கமே நிற்பான்.